தூக்கினாலே உதைக்கும் முயலை எப்படிச் சீவுவது?

வந்த கடிதம்

மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஒன்பது வயது மகளின் ஆசைக்காக வாங்கிய பெண் முயலுக்கு இப்போது ஒன்றரை வயது. வெள்ளை நிறம், நீள முடி, கழுத்தைச் சுற்றி இன்னும் அடர்த்தி. பஞ்சு என்று கூப்பிடுகிறார்கள். குட்டியாக இருந்தபோது மடியில் பேசாமல் இருந்ததாம். சில மாதங்களாகத் தூக்கினாலே உதைக்கிறது, பிறாண்டுகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வீடெல்லாம் பறக்கிறது. முன்காலின் இடுக்கில் சிக்குப் பிடித்துவிட்டது. பின்பக்கத்தில் புழுக்கை ஒட்டிக் காய்ந்து நாறுகிறது.

ஒரு நாள் கணவர் காதையும் முதுகுத் தோலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இவர் சீவியிருக்கிறார். அன்று முயல் வீரிட்டுக் கத்தியதில் மகள் அழுதுவிட்டாள். அவள் கையில் நீளமாக ஒரு கீறலும் விழுந்தது. அதன் பிறகு சீப்பைக் கண்டாலே முயல் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறதாம். பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு போட்டு இரண்டு தடவை குளிக்க வார்த்திருக்கிறார்கள். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடு, தண்ணீர் குடிக்க வைக்காதே என்கிறார் மாமி. மல்லாக்கப் படுக்கவைத்தால் முயல் தூங்கிவிடும் என்று மகள் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறாள். யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்கிறார் கணவர்.

"தூக்கம் வரும் குளிசை ஏதும் கொடுத்துவிட்டுச் சீவலாமா? கொடுத்துவிடுவதுதான் நல்லதா? இவ்வளவு அன்பாக வளர்த்த எங்கள்மேல் அதற்கு ஏன் இந்தக் கோபம்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பஞ்சுவுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, பயம்தான். நாய்க்கும் பருந்துக்கும் இரையாகப் பிறந்த உயிர் முயல். காட்டில் அதை நிலத்திலிருந்து தூக்குவது பிடித்துத் தின்ன வரும் மிருகம்தான். நீங்கள் ஆசையாகத் தூக்கினாலும் அதன் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முயல் சாதாரணமாகச் சத்தம் போடும் பிராணியும் அல்ல. உயிர்ப்பயத்திலோ கடும் வலியிலோதான் வீரிட்டுக் கத்தும். அன்றைக்கு அது அனுபவித்தது என்னவென்று இதிலிருந்து விளங்கும்.

குட்டியில் மடியில் இருந்ததே என்று கேட்பீர்கள். குட்டிகள் பல நேரம் பயத்தில் உறைந்துபோய் அசையாமல் இருக்கும், நாங்கள் அதை இணக்கம் என்று நினைத்துவிடுகிறோம். நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்த பிறகு பெண் முயலுக்குத் தன் இடம், தன் கூடு என்ற உணர்வும் கூடிவிடும். கூட்டுக்குள் கைவிட்டால் உறுமுவதும் முன்காலால் அடிப்பதும் அதனால்தான். நீங்கள் வளர்த்த விதத்தில் பிழை இருந்து அப்படி நடப்பதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது இனி வேண்டவே வேண்டாம். முயலின் எலும்புகள் அதன் உடம்புக்கு மிகவும் இலேசானவை, பின்கால் தசையோ மிகவும் பலமானது. பின்பக்கத்தைத் தாங்காமல் பிடித்திருக்கும்போது அது ஓங்கி ஒரு உதை உதைத்தால், அந்த வேகத்திலேயே அதன் இடுப்புப் பக்க முதுகெலும்பு முறிந்துவிடலாம். முறிந்தால் பின்கால் இரண்டும் இழுபட்டுவிடும், பெரும்பாலும் அதற்கு வைத்தியம் இல்லை. தப்பவேண்டும் என்று உதைக்கிற முயலை இறுக்கிப் பிடிப்பதைவிட, நிலத்தில் விட்டுவிடுவது நல்லது.

பின்பக்கம் காத்திருக்காது

முடி உதிர்வது தொல்லைதான், ஆனால் நாளைக்கும் சீவலாம். நகம் அடுத்த வாரமும் வெட்டலாம். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கை இன்றைக்கே பார்க்கவேண்டும். பஞ்சுவுக்கு விருப்பமில்லாவிட்டாலும் செய்யவேண்டிய வேலை என்று இப்போதைக்கு இதை மட்டும்தான் சொல்வேன்.

காரணம் ஈ. நீலமும் பச்சையுமாக மினுங்கும் அந்தப் பெரிய ஈக்கள், ஈரமும் நாற்றமும் உள்ள முடியில் முட்டையிடும். எங்கள் வெக்கையில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்துப் புழுவாகி, தோலைத் தின்னத் தொடங்கிவிடும். காலையில் நன்றாக இருந்த முயல் அடுத்த நாள் சாகக் கிடப்பதுண்டு. கூட்டை மீன் கழுவும் இடத்துக்கும் கருவாடு காயும் இடத்துக்கும் கிட்ட வைக்காதீர்கள், அங்கேதான் இந்த ஈ மொய்க்கும். காலையும் பின்னேரமும் வாலைத் தூக்கி ஒருக்கா பாருங்கள். சின்ன வெள்ளை மணிகள்போல் முடியில் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள், பேன்சீப்பால் இழுத்து எடுத்துவிடலாம். புழு ஒன்று கண்டால்கூட அந்த மணித்தியாலமே வைத்தியரிடம் போகவேண்டும். மாட்டுப் புண்ணுக்குப் போடுவதுபோல் கற்பூரம், மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை எதையும் போட்டுவிடாதீர்கள். முயலின் மெல்லிய தோல் அதைத் தாங்காது, நக்கினால் நஞ்சாகிவிடும்.

சுத்தம் செய்வது இப்படி. குசினித் தரையில் ஒரு துவாயை விரியுங்கள், வழுக்கும் நிலத்தில் முயல் பதறும். நீங்களும் தரையிலேயே இருங்கள். கை நழுவிப் பாய்ந்தாலும் விழ உயரம் இருக்காது. ஒருவர் முயலைத் தன் பக்கமாக அணைத்து, ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் மறு கை பின்பக்கத்துக்குக் கீழுமாகத் தாங்கவேண்டும். தலையைக் கைமடிப்புக்குள் புதைக்கவிட்டால் கொஞ்சம் அடங்கும். மற்றவர் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு உருண்டையை, காய்ந்த அழுக்கின்மேல் கொஞ்ச நேரம் ஒற்றிப் பிடிக்கட்டும். ஊறியதும் விரலால் நசித்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும். இழுக்காதீர்கள். சவர்க்காரம் வேண்டாம். கடைசியில் உலர்ந்த துவாயால் முடியின் அடிவரை ஈரம் ஒற்றி எடுங்கள். அடிமுடி ஈரமாக இருந்தால் தோல் புண்ணாகும், ஈயும் வரும். ஐந்து நிமிடத்தில் முடியவில்லையா, விட்டுவிட்டுப் பின்னேரம் தொடருங்கள்.

சீவுவதைத் தரையிலேயே வையுங்கள்

அழுக்கை எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் சீப்பையே எடுக்காதீர்கள். அந்த நாட்களில் பஞ்சு இருக்கும் அறையில், தரையில், சும்மா இருங்கள். கையில் இரண்டு கொத்தமல்லி இலையோ புதினாவோ இருக்கட்டும். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு இழுக்கவேண்டாம், அதுவாக வரும். வந்து மணந்து, இலையைத் தின்றுவிட்டுப் போனால் அன்றைக்கு அது போதும். கை வந்தால் பிடிபடுவோம் என்று அது படித்துவைத்திருக்கிறது. கை வந்தால் இலை வரும் என்று மாற்றிப் படிக்க நாள் எடுக்கும்.

பிறகு அது தின்னும்போது நெற்றியிலிருந்து காதுவரை விரலால் தடவுங்கள். பெரும்பாலான முயல்களுக்கு அந்த இடம் பிடிக்கும். வயிறு, கால், தாடை ஆகிய இடங்களை இப்போது விட்டுவிடுங்கள். நெற்றியைத் தடவக் கொடுக்கும் நாள் வந்ததும், விரலைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, கழுத்திலிருந்து முதுகு வழியாக வாலுக்குப் போங்கள். கழன்ற முடி ஈர விரலில் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். குசினியில் பாவிக்கும் ரப்பர் கையுறை இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் புதியதாக, சவர்க்கார மணம் இல்லாததாக இருக்கவேண்டும். முடி கொட்டும் காலத்தில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும், சீப்பே தேவைப்படாது.

சீப்பு வேண்டியது கழுத்தைச் சுற்றியுள்ள அடர்ந்த முடிக்குத்தான். முதலில் பல் இடைவெளி கூடிய சீப்பு, அது தங்குதடையில்லாமல் போன பிறகு பேன்சீப்பு. முடியின் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்குப் போங்கள். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம் போதும். இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அது "போதும்" என்று சொல்லும் விதத்தை மகளுக்குப் பழக்குங்கள். ஆறுதலாக இருக்கும் முயலின் மூக்கு மெல்ல அசைந்துகொண்டிருக்கும், சில நேரம் பற்கள் மெதுவாக உரசும் சத்தமும் கேட்கும். காது முதுகோடு ஒட்டி, கண் பிதுங்கி வெள்ளை தெரிந்து, உடம்பு தரையோடு தட்டையானால் கையை எடுத்துவிடவேண்டும். பின்காலால் நிலத்தில் தட்டினாலும் அப்படித்தான். கையை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் அது உங்களை நம்பக் காரணம் கிடைக்கிறது. மகள் இலை கொடுப்பவளாக மட்டும் இருக்கட்டும், தூக்குவது பெரியவர்களின் வேலை.

அவள் கையில் விழுந்த கீறலைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏற்புவலித் தடுப்பூசி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அவள் தோலில் வட்டமாகச் சிவந்து செதில் எழுந்தால் அதையும் காட்டவேண்டும், முயலிலிருந்து படர்தாமரை தொற்றக்கூடும்.

கத்தரிக்கோல், குளியல், மல்லாக்கப் போடுதல்

மாமி சொல்வது அனுபவத்தில் வந்ததுதான், ஆட்டுக்கும் நாய்க்கும் அது சரியாக இருந்திருக்கலாம். முயலின் தோல் நனைந்த கடதாசிபோல் மெல்லியது. சிக்கைப் பிடித்து உயர்த்தும்போது அதற்குள் தோலும் சேர்ந்து கூம்பாக எழும்பி நிற்கும், வெளியே தெரியாது. கத்தரிக்கோல் வைத்தால் சிக்கோடு தோலும் போய்விடும். முன்கால் இடுக்கில் இது இன்னும் ஆபத்து. சின்னச் சிக்காக இருந்தால், தோலை ஒட்டிய அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாது. மறு கை விரலால் சிக்கின் நுனியிலிருந்து இழை இழையாகப் பிரியுங்கள். கொஞ்சம் சோளமாவு தூவினால் வழுக்கிக்கொண்டு பிரியும், முகத்துக்குப் போடும் பவுடர் கூடாது. கல்லாக இறுகிய சிக்கென்றால் தொடவேண்டாம், வைத்தியர் மெஷினால் மழித்து எடுக்கட்டும். பாதத்தின் அடிமுடியை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். நாய், பூனைக்கு இருக்கும் மெத்தை முயலின் பாதத்தில் இல்லை, அந்த முடிதான் அதற்குச் செருப்பு.

முழு உடம்பையும் குளிக்க வார்ப்பதை இத்தோடு நிறுத்துங்கள். முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தண்ணீரில் போட்டால் பயத்திலேயே அதிர்ச்சி அடையலாம். அடர்ந்த முடி காய நேரமெடுக்கும், மாரி காலத்தில் உடம்பு குளிர்ந்தும் போகும். நனைந்த முடி இன்னும் இறுகிச் சிக்காகும். முன்கால் இடுக்கில் வந்த சிக்கில் அந்த இரண்டு குளியலுக்கும் பங்கிருக்கும் என்பது என் எண்ணம்.

மகள் பார்த்த வீடியோவைப் பற்றி அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள். மல்லாக்கப் போட்டதும் முயல் அசையாமல் கிடப்பது தூக்கமல்ல. பிடித்த மிருகம், இது செத்துவிட்டது என்று நினைத்து விட்டுப் போகட்டும் என்று முயலின் உடம்பு செய்யும் கடைசித் தற்காப்பு அது. வெளியே அமைதி, உள்ளே நெஞ்சு படபடக்கும். அதைப் பயன்படுத்திச் சீவுவது வசதிதான், நான் அதற்கு உடன்படமாட்டேன்.

நகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பிறாண்டலைக் குறைக்க உதவும். முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலுநாலு, மொத்தம் 18 நகம். வெள்ளை முயலுக்குப் பெரும்பாலும் நகத்துக்குள் இளஞ்சிவப்பாக இரத்தக்குழாய் தெரியும், அதற்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்னால் வெட்டவேண்டும். தெரியாவிட்டால் பின்னால் போன் டோர்ச்சைப் பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நகம் போதும். இரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பின்பக்கம் ஏன் அழுக்காகிறது?

எத்தனை தடவை கழுவினாலும் காரணத்தைப் பார்க்காவிட்டால் திரும்ப ஒட்டும். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று உருண்டையான காய்ந்த புழுக்கை. மற்றது மென்மையான, பளபளப்பான சின்னக் கொத்து. இதை அது வாயை வைத்து நேரடியாகத் தின்றுவிடும், அதில் அதற்குத் தேவையான சத்து இருக்கிறது. சோறு, பாண், பிஸ்கட், கோழித்தீன், அளவுக்கு மிஞ்சிய கறட், பழம் எல்லாம் இந்த மென்மையான கழிவைக் களியாக்கிவிடும். அப்போது தின்னாமல் விட்டு, முடியில் அப்பிக்கொள்ளும். உடம்பு பெருத்த முயலுக்குக் குனிந்து அந்த இடத்தை எட்டவும் முடியாது.

அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி புல்லாக இருக்கவேண்டும். கினியாப் புல்லுக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. பச்சையாகவும் கொடுக்கலாம், வெட்டிக் காயவைத்தும் வைத்திருக்கலாம். வயல் வரம்பிலும் பிரதான வீதியோரத்திலும் வெட்டாதீர்கள், களைநாசினியும் வாகனப் புகையும் இருக்கும். நெல்லு வைக்கோல் கீழே விரிக்க நல்லது, சாப்பாடாகப் போதாது. புல்லின் நார் இன்னொரு வேலையும் செய்கிறது. முயல் நக்கும்போது முடியை விழுங்கும், ஆனால் வாந்தி எடுக்க அதனால் முடியாது. குடல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த முடி வெளியே போகும்.

தண்ணீர் வைத்தால் முயல் செத்துவிடும் என்ற கதையை நானும் ஊரெல்லாம் கேட்கிறேன், அது பிழை. இரண்டு கிலோ முயல் ஒரு நாளைக்கு 100 முதல் 300 மில்லிலீற்றர் வரை குடிக்கும். வறண்ட கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகைக்குப் போகிறது, முயலுக்கு 28 தாண்டினாலே கஷ்டம். பாரமான மண்சட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும். தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியால் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். துவாயில் வைத்துப் பிடிப்பது, சீவுவது எல்லாம் காலை வெயில் ஏறுமுன்னோ பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகோ நடக்கட்டும். பன்னிரண்டு மணித்தியாலம் எதையும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குளிசையும், கொடுத்துவிடுவதும்

வீட்டிலுள்ள குளிசை எதையும் கொடுக்காதீர்கள். மனிதருக்கான அளவை முயலுக்குக் கணக்கிட முடியாது, மயக்கத்தில் குடலும் நின்றுவிடலாம். நாய்த் தெள்ளுக்கு அடிக்கும் மருந்தும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள பிப்ரோனில் என்ற பூச்சிமருந்து முயலைக் கொன்றுவிடலாம். வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துச் சிக்கை மழிப்பது வேறு விஷயம். உங்கள் நிலைமையில் ஒரு தடவை அப்படிச் செய்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவதை நான் ஆதரிக்கிறேன். பலவந்தமாக நாலு தடவை பிடிப்பதைவிட அது முயலுக்கு இலகு. அதற்கு முன் பட்டினி போடத் தேவையில்லை.

கொடுத்துவிடுவது பற்றி: உங்கள் கணவர் சலித்துப்போனதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பஞ்சு இன்னும் ஏழெட்டு வருடம் வாழக்கூடிய உயிர். புதிய வீட்டிலும் அதே நீள முடி, அதே பயம், அங்கேயும் யாரோ தூக்கத்தான் போகிறார்கள். நீள முடி முயலை ஏற்கனவே வளர்த்துப் பழகிய, புல்லும் நிழலும் உள்ள ஒருவர் கேட்டால் யோசிக்கலாம். பற்றைக்குள் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு வெள்ளை முயல் அங்கே ஓரிரவு தாங்காது. என்னைக் கேட்டால், முடியை வைத்தியரைக் கொண்டு குட்டையாக்கிவைத்து, தூக்குவதை நிறுத்தி, மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மடியில் ஏறும் முயலாக அது மாறாமலே போகலாம். தரையில் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும் முயலாக மாறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வைத்தியரிடம் போகும்போது சிக்கை மட்டும் காட்டாதீர்கள். சில மாதங்களாகத்தான் தொடவிடவில்லை என்பதால், வலி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பல் வளர்ந்து கன்னத்தில் குத்துகிறதா, கம்பிக் கூட்டில் நின்று பாதம் புண்ணாகியிருக்கிறதா, காதுக்குள் பொருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நெஞ்சு முடியை அதுவே பிடுங்கிக் கூடு கட்டினால் பொய்க்கர்ப்பமாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழிதான் அதிகம் வரும், ஆகவே முயல் பார்ப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலைக்கு வேறு இடம் வேண்டுமென்றால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பீடத்துக்குக் காட்டும்படி அவர்களே சொல்லக்கூடும். நுண்ணுயிர் கொல்லி மருந்து எழுதினால், வாயால் கொடுக்கும் பெனிசிலின், அமொக்ஸிசிலின் வகை முயலுக்கு ஆகாது என்பதை நினைவுபடுத்துவதில் தவறில்லை.

காற்றுத்துளை உள்ள பெட்டியில் துவாய் விரித்து, ஒரு பிடி புல்லும் போட்டு, விடியற்காலையில் ஓட்டோவில் போங்கள். புழுக்கையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு உதவும். முடியை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக்கவேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு வாருங்கள்.